மூசிக் கரையில் இறங்கிய வணிகர்கள்

சூரத்திலிருந்து வாரக்கணக்கில் பயணம் செய்து வந்த வணிகக் கூட்டத்துக்கு ஹைதராபாத் கண்ணில் பட்டுவிட்டாலும் உடனே ஊருக்குள் நுழைந்துவிட முடியாது. குறுக்கே மூசி ஆறு. அதன்மேல் 22 வளைவுகள் கொண்ட கற்பாலம். அதைக் கடந்தால் நகர வாயிலில் காவல். உப்பும் புகையிலையும் இருக்கின்றனவா என்று மூட்டை முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துப் பார்ப்பார்கள். அரசருக்குப் பெரும் வருவாய் தந்த சரக்குகள் அவை. மேலதிகாரிக்குச் சொல்லியனுப்பி அனுமதி வருவதற்குள் சில சமயம் ஓரிரு நாள்கூட ஆகிவிடும்.

17-ம் நூற்றாண்டில் கோல்கொண்டாவுக்குப் பலமுறை வந்துபோன பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவேர்னியே எழுதிவைத்த விவரம் இது. அப்படியானால் காத்திருப்பவர்கள் எங்கே படுத்தார்கள்?

பாலத்துக்கு இந்தப் பக்கமே. கோல்கொண்டா கோட்டையிலிருந்து வரும் சாலை ஆற்றைத் தொடும் இடத்தில் அக்காலத் தூர அளவில் சுமார் ஒரு குரோசம் நீளத்துக்கு ஒரு புறநகர் இருந்தது. வணிகர், தரகர், கைவினைஞர் எல்லோரும் குடியிருந்தது அங்கேதான். பிரபுக்களும் அரண்மனை அதிகாரிகளும் நகருக்குள் வசித்தார்கள். காலை பத்து, பதினோரு மணிக்கு வணிகர்கள் பாலம் கடந்து போய் வெளியூர் வியாபாரிகளோடு பேரம் பேசுவார்கள். மாலை நாலைந்து மணிக்குத் திரும்பிவிடுவார்கள். புறநகரில் இருந்த இரண்டு மூன்று அழகிய பள்ளிவாசல்கள் வெளியூராருக்குச் சத்திரங்களாகவும் பயன்பட்டன என்கிறார் தவேர்னியே. இன்று கார்வான் என்று அழைக்கப்படும் பகுதி அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

இந்தக் கதையில் மூத்தது பாலம். கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குலி குதுப் ஷா அதைக் கட்டியது 1578-ல். அவர் மகன் முகம்மது குலி ஹைதராபாத்தை உருவாக்கியது 1591-ல். நகரம் எழுவதற்கு 13 ஆண்டுகள் முன்பே ஆற்றைக் கடக்க வழி பிறந்துவிட்டது. பாரிஸின் போன் நெஃப் பாலத்துக்கு இது அதிகம் குறைந்ததில்லை என்று தவேர்னியே வியந்தார். உள்ளூரார் இன்றும் இதைப் புரானா பூல் என்கிறார்கள்.

சராய் எனப்பட்ட அக்கால வணிகர் விடுதிகளில் கிடைத்தது கூரையும் பாதுகாப்பும்தான். நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவு வாசல் வைத்த சிறு அறைகள், ஒரு கிணறு, தொழ ஒரு பள்ளிவாசல். பாயும் பாத்திரமும் பயணியே கொண்டுவர வேண்டும். அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ள வேண்டும். இரவில் பெரிய கதவைச் சாத்திவிட்டால் சரக்குக்கும் மாட்டுக்கும் பயமில்லை. தமிழ்நாட்டுப் பெருவழிச் சத்திரங்களில் அன்னதானம் முதன்மையாக இருந்தது. தக்காண வணிகனுக்கு முதலில் வேண்டியிருந்தது பூட்டிய கதவு.

புரானா பூலுக்கு அருகே உள்ள மியான் மிஷ்க் பள்ளிவாசல் அந்த மரபைக் கண்முன் காட்டுகிறது. இதைக் கட்டிய மாலிக் மிஷ்க் அபிசீனிய வம்சத்தவர். குதுப் ஷாஹி அரசில் கர்நாடகப் படைப்பிரிவின் தளபதியாக உயர்ந்தவர். பள்ளிவாசலின் முற்றத்தைச் சுற்றிப் பயணிகளுக்கான அறைகளை அமைத்தார். கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவின் ஆணை இங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கட்டி முடித்ததோடு நிற்காமல், அந்த ஆணையின் மூலம் அறப்பணி தொடர்வதற்கும் அன்றே வழி செய்தார்கள். அதே கார்வான் சாலையில் 1671-ல் மூசா கான் எழுப்பிய டோலி மசூதியும் நிற்கிறது.

1687-ல் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவைப் பிடித்தது. குதுப் ஷாஹி அரசோடு இந்தச் சாலையின் பழைய வணிகமும் ஒடுங்கியது.

ஆறும் சும்மா இருக்கவில்லை. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பொங்கி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. புரானா பூலும் சேதமடைந்தது, ஆனால் விழவில்லை. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். அதையொட்டி நகருக்கு மேற்கே 1920-ல் உஸ்மான் சாகர், 1927-ல் ஹிமாயத் சாகர் ஆகிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. நகருக்குக் குடிநீர் கிடைத்தது. மேற்கிலேயே தண்ணீர் தேங்கியதால் பாலத்தடியில் ஓட்டம் மெலிந்தது.

பயணிகளும் திசை மாறினார்கள். 1874-ல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு ரயில் வந்தது. ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கான் காலத்தில், 1919-ல், நாம்பள்ளி ரயில் நிலையத்துக்கு எதிரே புதிய சராய் எழுந்தது. முன்பு பாலத்தருகே இருந்த தங்குமிடம் இப்போது ரயிலடிக்கு வந்துவிட்டது.

ஹைதராபாத் என்றதும் சார்மினாரும் கோட்டையும் பட்டியலில் முதலில் வருகின்றன. அவற்றைக் கட்டவும் நிரப்பவும் பணம் வந்த வழி இந்த ஆற்றங்கரை. பாலம், சராய், சாலை மூன்றையும் ஒரே சின்னமாகக் கருதிப் பாதுகாத்தால்தான் வைரமும் துணியும் விற்ற அந்த நகரத்தின் கதை முழுமையாகும். தனித்தனியே எடுத்தால் பாலம் வெறும் போக்குவரத்துப் பாதையாகவும், சராய் வெறும் பழைய சுவராகவும் தெரியும்.

மசூலிப்பட்டினம் செல்லும் கிழக்குச் சாலையில் அரசி ஹயாத் பக்ஷி பேகம் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளோடு இன்னொரு சராய் கட்டினார். ஹயாத்நகரில் உள்ள அந்தச் சராயையும் அதன் யானைக் கிணற்றையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)