மாத்திரை கொண்டுவந்த மாணவி

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எனக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், போன மாசத்து மாத்திரை அஞ்சு மிச்சம் இருக்கே, ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றேன்.

அவர் போன பிறகு ஒன்று உறைத்தது. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் நாம் டாக்டர் பெயரை மட்டும்தான் சொல்கிறோம். மற்றவர்களைப் பற்றி, முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்திய நானே உங்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பாடத்தை இன்று நடத்துகிறேன்.

1943-ல் ஆங்கிலேய அரசு சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1946-ல் அதன் அறிக்கை வந்தது. நோய்க்கு மருந்து தருவதும், நோய் வராமல் தடுப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்றது அது. முதற்கட்டமாக 40,000 மக்களுக்கு ஒரு நிலையம். அதில் யார் யார் இருக்க வேண்டும் என்றும் கணக்குப் போட்டது: டாக்டர் 2, செவிலியர் 1, பொது சுகாதாரச் செவிலியர் 4, மருத்துவச்சி 4, பயிற்சி பெற்ற நாட்டு மருத்துவச்சி 4, சுகாதார ஆய்வாளர் 2, சுகாதார உதவியாளர் 2, மருந்தாளுநர் 1, கடைநிலை ஊழியர் 15. கூட்டிப் பாருங்கள். டாக்டர் 2 பேர், மற்றவர்கள் 33 பேர்!

சுதந்திரத்துக்குப் பின் 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் பகுதியாகத்தான் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ஆள். அம்மை குத்த ஒருவர் வருவார். மலேரியாவுக்கு இன்னொருவர். காய்ச்சல்காரரின் விரலைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்து, வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார். அந்தத் தகட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேறொருவர். 1973-ல் கர்த்தார் சிங் குழு, இப்படித் தனித்தனியாக வேண்டாம், எல்லா வேலையும் தெரிந்த பல்நோக்குப் பணியாளர்கள் வேண்டும் என்றது. நாம் 'நர்சம்மா' என்று கூப்பிடும் கிராம சுகாதாரச் செவிலியரின் வேலை அந்த வழியில் வளர்ந்ததுதான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு.

இனி என் வீட்டுக் கதை. எனக்கு ஏழு வயதில் ஒரு தங்கை பிறந்தாள். வீட்டுப் பிரசவம். பக்கத்துத் தெருப் பாட்டி வந்து, பன்னருவாளால் தொப்புள்கொடியை அறுத்தார். ஏழாம் நாள் குழந்தை பால் குடிக்க வாய் திறக்கவில்லை. உடம்பு விறைத்தது. ஒன்பதாம் நாள் இல்லை. ஜன்னி என்றார்கள். அம்மா வெகுகாலம் தன்னையே நொந்துகொண்டார். அந்தப் பாட்டியையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

1984-ல் என் மனைவி உண்டாகியிருந்தபோது நர்சம்மா தேடி வந்தார். ஊசி என்றால் என் மனைவிக்குப் பயம், பின்கட்டுக்குப் போய்விட்டார். நர்சம்மா திண்ணையிலேயே உட்கார்ந்து, ஊசி போட்ட பிறகுதான் எழுந்தார். "இது தாய்க்குப் போட்டா, புள்ளைக்கு ஜன்னி வராதும்மா. கொடி அறுக்கிற கத்தி சுத்தமா இல்லன்னாதான் அந்த நோய் வருது" என்றார். கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "இருபது வருஷம் முந்தி நீ வரலையே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கர்ப்பிணிகளையும் பச்சிளம் குழந்தைகளையும் கொன்ற டெட்டனஸ் ஒழிப்பு இலக்கை இந்தியா எட்டிவிட்டதாக 2015-ல் உறுதிசெய்யப்பட்டது. மகப்பேறு மருத்துவமனைகளோடு, இப்படித் திண்ணையில் காத்திருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

காசநோயிலும் இதே கதைதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் நோய் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. ஆனால் நோயாளி மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும். மாத்திரையும் கையிருப்பில் இருக்க வேண்டும். அதற்கு மருந்தாளுநர் வேண்டும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து, அரசு மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதில் தன்னார்வலரோடு இயன்முறை சிகிச்சையாளரும், படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கும் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள்.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தவர்களிடம், "பரீட்சை நேரத்தில் வகுப்பைக் கெடுக்கிறீர்களே" என்று பலமுறை முகம் சுளித்திருக்கிறேன். வெயிலில் மருந்துப் பெட்டியைச் சுமந்து வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னதாக நினைவில்லை. தங்கையைப் பறிகொடுத்தவன் நான், எனக்கே தோன்றவில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் இன்று வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் தடுப்பூசித் தழும்பைப் பாருங்கள். அதைப் போட்டவர் பெயர் தெரியுமா? அம்மாவிடம் கேளுங்கள். தெரிந்தால் கீழே எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் எண்ணிப் பார்ப்பாரே!