சாமந்தித் திருநாளில் வந்த ஆவி

ஜப்பானில் யமாஷிதா தொமோகோ என்ற பெண் ஓவியர் 2013-ல் ஒரு மாங்கா தொடரை ஆரம்பித்தார். ‘சன்காக்கு மாதோ நோ சொதோகவா வா யோரு’ என்று பெயர். ‘முக்கோண ஜன்னலுக்கு வெளியே இரவு’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். புத்தகக் கடையில் வேலை பார்க்கும் மிகாதோவுக்குச் சின்ன வயதிலிருந்தே பேய்கள் கண்ணில் படும். பேய் ஓட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஹியகாவா ஒருநாள் கடைக்குள் வந்து, இவனைத் தொட்டு, தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறான். அப்புறம் சாபங்கள், கொலைகள், ஒரு மர்ம மதக்குழு என்று கதை விரிகிறது. பத்துத் தொகுதிகள். 2021-ல் திரைப்படமாகவும் அனிமேயாகவும் வந்துவிட்டது.

இது வெளியானது ஆண்களுக்கு இடையேயான காதலைச் சொல்லும் பிஎல் பத்திரிகை ஒன்றில். காதல் கதைக்குள் எதற்குப் பேய்? வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள்: நேராகச் சொல்ல முடியாத காதலுக்குப் பேய் ஒரு முகமூடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜப்பானிய இலக்கியத்தில் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இந்தப் பதில் பாதிதான் நிற்கிறது.

1776-க்குப் போவோம். உவேதா அகினாரி என்பவரின் ‘உகெத்சு மொனோகதாரி’ அந்த வருஷம் அச்சானது. ஒன்பது அமானுஷ்யக் கதைகள். அதில் ஒன்று ‘கிக்கா நோ சிகிரி’, அதாவது சாமந்திப்பூ வாக்குறுதி. ஹரிமா நாட்டில் சமோன் என்ற ஏழைப் படிப்பாளி, வழியில் நோயில் விழுந்த சோயெமோன் என்ற சாமுராயைப் பார்க்கிறான். முன்பின் தெரியாதவன், தொற்றுநோய் வேறு. பக்கத்தில் போகவே ஆட்கள் பயப்படுகிறார்கள். சமோன் மட்டும் கூடவே இருந்து பிழைக்க வைக்கிறான். இருவரும் அண்ணன் தம்பியாக இருப்போம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு சோயெமோன் தன் ஊரான இசுமோவுக்குக் கிளம்புகிறான். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், சாமந்தித் திருநாளன்று திரும்பி வருவதாக வாக்கு.

அந்த நாளில் சமோன் காலையிலேயே வீட்டைப் பெருக்கி, பூ வைத்து, சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வாசலில் நிற்கிறான். பொழுது சாய்கிறது. அம்மா படுக்கப் போகச் சொல்கிறாள். நிலா மறையும் நேரத்தில் சோயெமோன் வந்துவிடுகிறான். ஆனால் மீனைத் தொடமாட்டேன் என்கிறான், மதுவையும் தொடமாட்டேன் என்கிறான். இசுமோவில் அவனைக் கோட்டைக்குள் அடைத்து வைத்துவிட்டார்கள். மனிதன் ஒரே நாளில் ஆயிரம் காதம் நடக்க முடியாது, ஆவியால் முடியும். அதனால் தன் கையாலேயே உயிரை விட்டு, காற்றில் ஏறி வந்திருக்கிறான்.

மூலம் ஒரு சீனக் கதை. அதில் வியாபாரத்தில் மூழ்கி நாளை மறந்துபோனவன் சாகிறான். அகினாரி மறதியை எடுத்துவிட்டுச் சிறையை வைத்தார். சின்ன மாற்றம்தான், கதையின் கனமே மாறிவிடுகிறது.

அண்ணன் தம்பி உறவென்றுதான் கதை சொல்கிறது, காதலென்று அகினாரி எழுதவில்லை. ஆனால் அக்காலத்து வாசகருக்கு ‘சகோதர உறுதி’ என்றால் என்னவெல்லாம் இருக்கலாம் என்று தெரியும். 1687-லேயே இஹாரா சைகாகு ஆண்களின் காதலைப் பற்றியே நாற்பது கதைகள் கொண்ட ஒரு நூலை வெளியிட்டிருந்தார். மறைக்க வேண்டிய அவசியம் அன்று பெரிதாக இல்லை. அப்படியானால் இந்த ஆவி எதற்கு? என் கணிப்பில், உடம்பால் காப்பாற்ற முடியாத வாக்கைக் காப்பாற்றத்தான்.

முகமூடி பிறகு வந்தது. மெய்ஜி அரசு 1870-களில் ஆண்களின் உடலுறவைச் சட்டப்படி குற்றமாக்கியது. 1880-ல் இயற்றி 1882-ல் அமலான புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. சட்டம் போனதும் மருத்துவம் வந்து உட்கார்ந்துகொண்டது. கிராஃப்ட்-எபிங்கின் பாலியல் நோய்க்குறி நூல் 1913-ல் ஜப்பானியத்தில் வெளிவந்தது. வழக்கமாக இருந்தது விபரீதமாகிவிட்டது.

அந்தச் சூழலில்தான் எதொகவா ராம்போ 1929-30-ல் ‘கொத்தோ நோ ஒனி’ என்ற துப்பறியும் தொடரை எழுதினார். ‘தனித்தீவின் அரக்கன்’ எனலாம். கதை சொல்லும் மினோராவை மருத்துவர் மொரோதோ காதலிக்கிறார். மினோராவின் காதலி கொலையாகிறாள், இருவரும் சேர்ந்து தீவுக்குப் போகிறார்கள், பாதாளக் குகையில் வழி தவறுகிறார்கள். கும்மிருட்டில், இனிப் பிழைக்கமாட்டோம் என்ற நிலையில், மொரோதோ தன் ஆசையோடு மினோராவை நெருங்குகிறார். கதையில் கொலை உண்டு, உருச்சிதைந்த உடல்கள் உண்டு. ஆனா மினோரா அதிகமாக அருவருத்து விலகுவது இந்த இடத்தில்தான். இத்தனைக்கும் ராம்போவுக்கு இந்தப் பொருளில் ஆழமான ஈடுபாடு. இவாதா ஜுன்இச்சி என்ற நண்பரோடு சேர்ந்து பழைய நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். மொரோதோவைக் கடைசிவரை நல்லவராகவே வைத்திருக்கிறார், ஆனால் கதை முடிவதற்குள் சாகடித்துவிடுகிறார்.

1970-களில் பெண் ஓவியர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஹகியோ மோதோ 1972-ல் தொடங்கிய ‘போ நோ இச்சிசோக்கு’வில் எட்கர், ஆலன் என்ற இரண்டு சிறுவர்கள், இருவருமே ரத்தக் காட்டேரிகள். வயசே ஆகாமல் காலங்காலமாகச் சேர்ந்து அலைகிறார்கள். படித்தவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சிறுமிகள். பெரியவளாகி, கல்யாணம், குழந்தை என்று ஒரே வழி விதிக்கப்பட்டவர்களுக்கு அந்த வளராத உடம்பு என்னவாகத் தெரிந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இப்போது யமாஷிதாவிடம் திரும்பலாம். ஹியகாவா பேய் ஓட்டும்போது மிகாதோவின் உடம்புக்குள்ளேயே கையை விடுகிறான், ஆன்மாவைத் தொடுகிறான். கலவி போலவே வரையப்பட்டிருக்கும் காட்சிகள், கலவி இல்லை. ராம்போவின் குகையில், ஓர் ஆணை ஆண் தொடுவதே பயங்கரம். இங்கே மிகாதோவுக்கு அது பிரச்சினையே இல்லை. பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது: தொடுகிற ஆளுக்கு நல்லது கெட்டது தெரியாது, கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பதும் தெரியாது. சின்ன வயதில் ஒரு மதக்குழு அவனை அடைத்து வைத்துக் கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறது. மனிதனாக நடத்தப்படாதவன் காதலிப்பது எப்படி? மர்மத்தின் முடிச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

கதையில் எனக்குப் பிடித்த ஆள் ஹன்சாவா என்ற போலீஸ்காரர். பேயையே நம்பாதவர், அதனால் எந்தச் சாபமும் அவரிடம் பலிப்பதில்லை.