வீதியின் வெளி விளிம்பு

திம்புள்ளப் பள்ளத்தாக்கின் வழியே பயணம் செய்வோரின் கண்களைக் கவர்பவை இரண்டு. ஒன்று, தேயிலைப் பசுமை. மற்றொன்று, டெவன், சென்கிளயர் என்னும் நீர்வீழ்ச்சிகள். அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நானுஓயாவை நோக்கி பஸ் வளைந்து வளைந்து ஏறும்பொழுது, யன்னலோரத்தில் இருப்பவர் தூரத்து அருவியைப் பார்க்கிறார். அருவிக்கும் தமக்கும் இடையே கிடக்கும் வீதியின் வெளி விளிம்பை அவர் பார்ப்பதில்லை. இக்கட்டுரை அவ்விளிம்பைப் பற்றியது. அதன்மேல் இயந்திரம் ஓட்டிப் பிழைக்கும் மனிதனைப் பற்றியது.

மலைச்சரிவில் வீதி அமைப்பது எங்ஙனம்? சரிவின் உட்புறத்தை வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை வெளிப்புறத்தில் கொட்டி நிரப்புகிறார்கள். ஆகவே, வீதியின் உட்பாதி இயற்கையாய் அமைந்த தரை. வெளிப்பாதியோ மனிதன் கொட்டிய மண். கொட்டிய மண்ணை இறுக்கியாக வேண்டும். இறுக்குவதற்குப் பாரமான இயந்திரம் அதன்மேல் ஏறியாக வேண்டும். இறுகாத மண் பாரத்தைத் தாங்காது. பாரம் ஏறாமல் மண் இறுகாது. மலைநாட்டு வீதிகள் யாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதைத் தீர்ப்பதற்கு எவரேனும் ஒருவர் முதன்முதலில் அந்த விளிம்பின்மேல் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று நமது வரலாற்று நூல்கள் கேட்டதுண்டா?

நூல்கள் தரும் பெயர்கள் நமக்குத் தெரியும். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வேட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியை அமைத்தார் என்று பாடசாலையில் படிக்கிறோம். அவ்வேலையை மேற்பார்த்த தளபதி டோசன் 1829இல் இறந்தார். 1832இல் அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் கோபுரம் எழுந்தது. இன்றும் அது நிற்கிறது. பதினாறு வயதில் வேலையைத் தொடங்கி 1867 வரை இத்தீவெங்கும் வீதி சமைத்த தோமஸ் ஸ்கின்னரின் நினைவுக் குறிப்புகள் 1891இல் நூலாக வெளிவந்தன. இவர்கள் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், அலவாங்கும் பிக்காசும் பிடித்த கைகள் எவருடையவை? 1832இல் ஒழிக்கப்படும் வரை இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பிற்கு ஆட்பட்ட சிங்களக் கிராமத்து மக்களின் கைகள் அவை. தென்னிந்தியக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டு, முன்னோடிப் படை என்ற பெயரில் வீதி வேலைக்கு விடப்பட்ட தமிழரின் கைகள் அவை. அவர்களுக்குக் கோபுரம் இல்லை.

பின்னர் காப்பிக்காகத் திம்புள்ளக் காடுகள் அழிக்கப்பட்டன. காப்பியை இலைநோய் தின்றபின் தேயிலை வந்தது. விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்குப் புகையிரதம் தேவைப்பட்டது. நாவலப்பிட்டியில் 1874இல் நின்ற பாதை, 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறிற்று. நாற்பத்து நான்கு அடி சென்றால் ஓரடி ஏறும் சரிவு. முந்நூற்று முப்பது அடியே ஆரமுள்ள வளைவுகள். பொறியியலின் சாதனை என்று இதனைப் போற்றுவதில் தவறில்லை. எனினும், அக்காலத்தில் மண் தள்ளும் இயந்திரம் இல்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மனித உடலே இயந்திரமாக இருந்தது. மண் சரிந்தால் புதைந்தது அந்த உடலே.

உண்மையான இயந்திரம் வீதிக்கு வந்தது நீராவியின் உருவில். இங்கிலாந்தின் றொச்செஸ்டர் நகரில் தோமஸ் ஏவ்லிங் என்பவர் 1860களில் செய்து வெற்றி கண்ட நீராவி றோலர், ஆங்கில ஆட்சி பரவிய நாடுகளிலெல்லாம் புகுந்தது. பேராதனைக்கு அருகே கிரிபத்கும்புறவில் உள்ள வீதி அருங்காட்சியகத்தில் அத்தகைய பழைய றோலர்கள் நிற்கின்றன. ஆசிரியர்கள் மாணவரை அங்கே அழைத்துச் சென்றால், அவற்றின் சக்கரங்களை உற்றுநோக்கச் சொல்லவேண்டும். பல தொன் எடையுள்ள வண்டிக்கு வழுவழுப்பான இரும்புச் சக்கரங்கள்! கல்லை நசுக்குவதற்கு வழுவழுப்பு வேண்டும். ஆனால், ஈரமான சரிவில் பிடித்து நிற்பதற்கு அதே வழுவழுப்புத்தான் எதிரி. ஓட்டுநர் நிற்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். கொதிகலனுக்குப் பின்னே ஒரு சிறு மேடை. வண்டி கவிழ்ந்தால் அவரைக் காப்பதற்கென்று அதில் எதுவும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் இயந்திரங்கள் பெருகின. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திற்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று புல்டோசர்களைக் கொண்டுவந்து கிழக்கின் சமவெளியை மாற்றியமைத்தது. அதன்பின் மலைநாட்டின் முறை. 1965இல் காசல்ரீ அணை, அதே பத்தாண்டின் இறுதியில் மவுசாகலை அணை, 1979 முதல் 1985 வரை கொத்மலை அணை, இறுதியாகத் தலவாக்கலையில் 2006இல் தொடங்கி 2012இல் நிறைவேறிய மேல் கொத்மலைத் திட்டம். பழைய மஸ்கெலியா நகரமே மவுசாகலை நீரில் மூழ்கிற்று. தேயிலை மலைகளும் லயன்களும் நீருக்குள் போயின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். காசல்ரீயும் மவுசாகலையும் எழுந்த நாட்களில், அவ்வணைகள் வேண்டுமா வேண்டாமா என்று வாக்களிக்கவும் அவர்களுட் பெரும்பாலோருக்கு உரிமை இல்லை. இத்திட்டங்கள் மின்சாரம் தந்தன, அது வேண்டியதே. ஆனால், சமவெளியில் ஓடுவதற்கென்று வடிக்கப்பட்ட இயந்திரம், நிமிர்ந்து நிற்கவே இடமில்லாத சரிவில் ஏற்றப்பட்டபொழுது என்ன நேர்கிறது என்பதை நாம் ஆராய வேண்டும்.

எப்பொருளும் கவிழாமல் நிற்பதற்கு ஒரு விதியுண்டு. அதன் பாரமையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு, அது ஊன்றி நிற்கும் பரப்புக்குள் விழவேண்டும். கோடு வெளியே போனால் பொருள் விழும். சரிவில் நிற்கும் இயந்திரத்துக்கோ அந்தக் கோடு முன்னரே பள்ளத்தை நெருங்கியிருக்கிறது. பெக்கோ இயந்திரத்தின் வாளி மண்ணை நிரப்பிக்கொண்டு உயரும்பொழுது பாரமையமும் கூடவே உயர்கிறது. அதன் கை பள்ளத்தின் பக்கம் திரும்பினால் கோடு மேலும் வெளியே நகர்கிறது. அத்தருணத்தில், மழையில் ஊறிய மண் வெளிச்சக்கரத்தின் கீழ் நான்கு விரற்கடை அமிழ்ந்தாலும் போதும். உழவு இயந்திரம் கவிழும் விதம் வேறு. மேட்டில் பாரம் இழுக்கையில் பின்சக்கரம் சேற்றில் இறுகிச் சுழலாமல் நின்றுவிட்டால், சுழற்றும் விசை வண்டியின் உடலையே தூக்குகிறது. முன்புறம் எழும்பி, ஒன்றிரண்டு விநாடிக்குள் இயந்திரம் ஓட்டுநரின் மேல் மல்லாந்து விழுகிறது. சிந்திப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த ஒன்றிரண்டு விநாடியில் அவர் 'கவனமாக' இருந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. விபத்து நடந்ததும் முதலில் எழும் சொல் 'சாரதியின் கவனக்குறைவு' என்பதே. இச்சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1931இல் அமெரிக்கக் காப்புறுதி நிறுவன அலுவலர் ஹைன்றிச் என்பவர் தொழில் விபத்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விபத்துகளில் 88 வீதம் தொழிலாளரின் தவறான செயலால் நேர்பவை, 10 வீதமே ஆபத்தான வேலைநிலையால் நேர்பவை என்று அவர் கணக்கிட்டார். உலகெங்கும் பயிற்சி நூல்களில் இக்கணக்கு ஏறிற்று. அவர் பார்த்த பதிவுகள் 75,000. அவற்றில் 12,000 காப்புறுதிக் கோப்புகளிலிருந்தும் 63,000 தொழிற்சாலை உரிமையாளரின் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. வழக்கின் ஒரு தரப்பே எழுதிய ஏட்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினால், தீர்ப்பு வேறு எப்படி இருக்கும்?

ஆயினும், அதே நூலில் வேறோர் எண்ணிக்கையும் இருக்கிறது. நமக்குப் பயன்படுவது அதுதான். ஒரே விதமான 330 நிகழ்ச்சிகளில் ஒன்று பெருங்காயமாக முடிகிறது, 29 சிறு காயமாக முடிகின்றன, 300இல் எவருக்கும் எதுவும் நேர்வதில்லை என்றார் அவர். இந்த விகிதம் எல்லாத் தொழிலுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளவேண்டியதில்லை. ஆனால், ஒரு சாவுக்குப் பின்னால் மயிரிழையில் தப்பிய பல நாட்கள் இருக்கின்றன என்பது எந்த இயந்திர ஓட்டுநரும் அறிந்த உண்மை. சக்கரம் விளிம்பில் இறங்குகிறது. இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. வாளியைத் தரையில் ஊன்றி ஓட்டுநர் எப்படியோ அதை நிறுத்துகிறார். அல்லது கீழே நிற்கும் நிழல்மரம் ஒன்று தாங்கிக்கொள்கிறது. உதவியாளர் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிறார். ஒரு பீடி புகைக்கும் நேரம் இருவரும் பேசாமல் நிற்கிறார்கள். பிறகு வேலை தொடர்கிறது. அன்று மாலை, 'இன்று ஏதும் நடக்கவில்லை' என்று ஏடு மூடப்படுகிறது.

ஏன் அவர் வாய் திறப்பதில்லை? இயந்திரம் மணித்தியால வாடகைக்கு ஓடுகிறது. நின்ற மணிக்குப் பணம் இல்லை. 'இந்த விளிம்பு தாங்காது' என்று சொல்பவருக்குப் பயந்தவர் என்று பெயர். மறுநாள் அந்த இருக்கையில் வேறொருவர் அமர்வார். ஆகவே, அவர் கற்ற பாடம் அவரோடு நிற்கிறது. அடுத்தவர் அதே விளிம்பில், அதே பாடத்தை, தம் உயிரைப் பணயம் வைத்துக் கற்கிறார். அறிவு இவ்வாறு அழிவது உடைமை அழிவதைவிடக் கொடிய நட்டம் அல்லவா?

வேறு வழி இல்லையா? உண்டு என்பதற்கு வரலாறு சாட்சி. 1959இல் சுவீடன் நாடு ஒரு சட்டம் செய்தது: புதிய உழவு இயந்திரம் ஒவ்வொன்றிலும், அது புரண்டாலும் ஓட்டுநரை நசுக்காத உறுதியான இரும்புச் சட்டகம் இருக்கவேண்டும். மனிதனுக்குப் போதனை செய்வதோடு நில்லாமல் இயந்திரத்தைத் திருத்தினார்கள். இயந்திரங்கள் அதன் பின்னும் கவிழ்ந்தன. ஆனால், கவிழ்ந்த இயந்திரத்தின் கீழ் மனிதர் மாள்வது படிப்படியாக அருகிற்று. பின்னர் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் அச்சட்டகம் வந்தது. அதனுடன் இருக்கைப் பட்டியும் வேண்டும். பட்டி இல்லாதவர் வெளியே வீசப்பட்டு, தம்மைக் காக்கவேண்டிய சட்டகத்தின் கீழேயே நசுங்குவார். கவிழும்போது குதித்துவிடலாம் என்பது ஓட்டுநரிடையே பரவலான நம்பிக்கை. குதிப்பவர் பெரும்பாலும் பள்ளத்தின் பக்கமே விழுகிறார். இயந்திரமும் அங்கேதான் வருகிறது. திம்புள்ளையின் நீரைச் சுமந்துவரும் கொத்மலை ஓயாவில் 1985இல் முடிந்த அணைக்கு உதவியதும் இதே சுவீடன்தான் என்பதை இங்கே நினைவுகூரலாம். அணைக்கு உதவி பெற்ற நாம், அந்தச் சட்டத்தின் கருத்தையும் பெற்றுக்கொண்டோமா?

நம் நாட்டில் சட்டமே இல்லை என்பதற்கில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் இருக்கிறது. தொழிலாளர் போராடிப் பெற்ற உலகளாவிய உரிமைகளின் நிழல் அவற்றில் உண்டு. ஆனால், நட்டஈடு என்பது உடல் விழுந்தபின் பேசும் மொழி. உடல் விழுமுன் பேசும் மொழி ஒன்று வேண்டும். சர்வதேசத் தொழில் தாபனம் 2002இல் நிறைவேற்றிய உடன்பாட்டு ஏடு, காயம் விளைவிக்கக்கூடிய ஆபத்தான நிகழ்ச்சியையும் பதிந்து அறிவிக்கவேண்டிய ஒன்றாக ஏற்றுக்கொண்டது. காயம் பட்டால்தான் செய்தி என்ற பழைய எண்ணத்தை அது மாற்ற முனைந்தது.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்தது. மலைகள் சரிந்து வீதிகளையும் புகையிரதப் பாதையையும் மூடின. அடைபட்ட ஊர்களுக்கு வழி திறக்க முன்னே சென்றவை மண் அள்ளும் இயந்திரங்கள். சரிந்து கிடக்கும் மண்ணைவிட நம்பத்தகாத தரை வேறில்லை. அதன்மேல் ஏறி நின்றுதான் அவர்கள் அதனை அள்ளினார்கள். நாம் அவர்களை வீரர் என்று வாழ்த்தினோம். வாழ்த்து நியாயமானதே. ஆனால், வீரர் என்று அழைத்துவிட்டு, சட்டகமும் பட்டியும், மழைநேரத்தில் வேலையை நிறுத்தும் உரிமையும், நிறுத்திய மணிக்குக் கூலியும் இல்லாமல் அவரை அனுப்புவது எவ்வகை நன்றி?

மலையக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. உங்கள் லயனிலும் ஊரிலும் றோலர் ஓட்டியவர், பெக்கோ ஓட்டுபவர், அவருக்கு முன்னே நடந்து கைகாட்டும் உதவியாளர் இருப்பார்கள். அவர்களிடம் விபத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். விபத்து நடக்காமல் போன நாட்களைப் பற்றிக் கேளுங்கள். எந்த வளைவில், எந்த மழையில், எவருடைய அவசரத்தால் என்று கேட்டு எழுதுங்கள். வேலைத்தலத்தில் அத்தகைய குறிப்பேடு ஒன்று இருக்கவேண்டும் என்றும், அதில் எழுதியவர் வேலை இழக்கக்கூடாது என்றும் தொழிற்சங்கங்களை வற்புறுத்துங்கள். பார்ன்ஸையும் டோசனையும் மாணவர் படிக்கட்டும். வெளி விளிம்பில் முதலில் சென்றவனின் வரலாற்றையும் அவர்கள் எழுதட்டும். அது எழுதப்பட்டால், அடுத்த முறை அந்த விளிம்பில் ஏறுபவன் அதன் பாடத்தைத் தன் உயிரால் கற்கவேண்டியிராது.