பெயர்ச் சுவரும் பெயரற்றோரும்: கன்பராப் போர் நினைவாலயம் – ஒரு வரலாற்று நோக்கு

அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய கன்பரா தானாக வளர்ந்த நகரமன்று. வரைபடத்திலே பிறந்து பின்னர் நிலத்துக்கு இறங்கிய நகரம். 1912 இல் நடைபெற்ற திட்டப் போட்டியில் வென்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வோல்ட்டர் பேர்லி கிரிபின், குன்றிலிருந்து குன்றுக்குச் செல்லும் நேர்கோடொன்றைத் தம் திட்டத்தின் முதுகெலும்பாக வகுத்தார். அக்கோட்டின் ஒரு முனையில் இன்று பாராளுமன்றம் அமைந்துள்ளது. ஏரிக்கு அப்பால், எயின்ஸ்லி மலையின் அடிவாரத்தில், மறுமுனையில் நிற்பது அவுஸ்திரேலியப் போர் நினைவாலயம். கிரிபின் அவ்விடத்துக்கென எண்ணியிருந்தது மக்கள் கூடிக் களிக்கும் பொழுதுபோக்கு மண்டபமொன்றையே என்பது வியப்புக்குரியது. முதலாம் உலகப் போர் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

இந்நினைவாலயம் ஒரே வேளையில் நினைவுச் சின்னமாகவும் நூதனசாலையாகவும் ஆவணக் காப்பகமாகவும் விளங்குகின்றது. இம்மூன்றையும் ஒன்றாகக் கண்டவர் சார்ள்ஸ் பீன். பத்திரிகையாளரான இவர் அரசின் போர்ச் செய்தியாளராக 1915 ஏப்பிரல் 25 ஆந் திகதி கலிப்பொலியிற் படையினரோடு கரையிறங்கினார். மறு ஆண்டு பிரான்சின் பொசியேர் களத்தையும் நேரிற் கண்டார். பொசியேரிலும் அதனை அடுத்த பகுதியிலும் ஏழு வாரங்களுக்குள் அவுஸ்திரேலியப் படையினர் 23,000 பேர் வீழ்ந்தனர். அவர்களுள் 6,800 பேர் உயிரிழந்தனர். வீழ்ந்தோர் கையாண்ட பொருட்களை ஓரிடத்திற் சேர்த்துவைத்து, அவற்றினூடாக அவர்களை நினைவுகூர வேண்டுமென்ற கருத்து பீனின் உள்ளத்தில் உருவாகியது அங்கேதான். 1917 இல் இலண்டனில் நிறுவப்பட்ட அவுஸ்திரேலியப் போர்ப் பதிவேட்டுப் பிரிவு, ஜோன் ட்ரெலோர் என்ற இளம் அதிகாரியின் பொறுப்பில் இப்பொருட்களைத் திரட்டத் தொடங்கிற்று. ட்ரெலோர் பின்னர் நினைவாலயத்தின் பணிப்பாளராகி, 1952 இல் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார்.

பீன் வகுத்த நெறிகளுள் ஒன்று இங்கு ஊன்றி நோக்கற்பாலது. பகைவரிடமிருந்து கைப்பற்றிய பொருட்களை 'வெற்றிச் சின்னங்கள்' என அழைப்பதை அவர் விரும்பவில்லை. 'எச்சங்கள்' என்ற சொல்லையே வேண்டினார். வென்றவன் தற்புகழ்ச்சி பேசும் இடமாக அது ஆகிவிடக் கூடாது, பகைவனும் மதிப்போடு சித்திரிக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை எவ்வளவு தூரம் நின்றது, எங்கே நின்றுவிட்டது என்பதே இந்நினைவாலயத்தின் வரலாற்றில் ஆராய்வதற்குரிய வினாவாகும்.

கட்டடம் எளிதில் எழவில்லை. 1927 இல் நடத்தப்பட்ட வடிவமைப்புப் போட்டியில் இரண்டரை இலட்சம் பவுண் என்ற செலவு வரம்புக்குள் எதுவும் தேறவில்லை. எமில் சொடர்ஸ்டன், ஜோன் கிறஸ்ட் என்னும் இருவரையும் இணைத்து ஒரு வடிவம் பெறப்பட்டது. பின்னர் பொருளாதார மந்தம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சேகரிப்புகள் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் காட்சிக்கு வைக்கப்பட்டு மக்களைப் பெருந்திரளாக ஈர்த்தன. ஈற்றில் 1941 நவம்பர் 11 ஆந் திகதி, அடுத்த உலகப் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, முன்னைய போருக்கான ஆலயம் திறந்துவைக்கப்பட்டது. ஒரு மாதம் கழியுமுன் யப்பானும் போரிற் குதித்தது. ஒரு போருக்கென அளந்து கட்டிய மண்டபம் பல போர்களுக்கு இடங்கொடுக்க வேண்டியதாயிற்று.

படியேறி உள்ளே செல்பவர் முதலிற் காண்பது நீர்த் தடாகத்தோடு கூடிய நீள் முற்றம். அதன் இரு மருங்கிலும் மேலே தூண்வரிசைத் தாழ்வாரங்கள், அவற்றின் சுவர்களில் வெண்கலப் பலகைகள், பலகைகளில் பெயர்கள். 103,000 க்கு மேற்பட்ட பெயர்கள். படைப் பிரிவு வாரியாகவும் பிரிவுக்குள் அகரவரிசையிலும் அவை பொறிக்கப்பட்டுள்ளன. பதவி குறிக்கப்படவில்லை, பெற்ற விருதும் குறிக்கப்படவில்லை. தளபதியும் சாதாரண சிப்பாயும் ஒரே அளவான எழுத்தில் அடுத்தடுத்து நிற்கின்றனர். போர்ச் சின்னங்களில் மன்னரும் தளபதியரும் மட்டுமே பெயர் பெற்றிருந்த நெடுங்கால மரபோடு ஒப்பிட்டால் இதன் புதுமை புலனாகும்.

இச்சுவரின் பொருளை உணர்வதற்கு வேறொன்றையும் அறிதல் வேண்டும். முதலாம் உலகப் போரின்போது அவுஸ்திரேலியாவின் சனத்தொகை ஐம்பது இலட்சத்தை எட்டவில்லை. 416,000 க்கு மேற்பட்டோர் படையிற் சேர்ந்தனர். 60,000 க்கு மேற்பட்டோர் இறந்தனர். கட்டாய ஆட்சேர்ப்பை 1916 இலும் 1917 இலும் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தமையால் சென்ற அனைவரும் தொண்டர்களே. இறந்தோரின் உடல்கள் தாயகம் கொண்டுவரப்படவில்லை; பிரான்சிலும் பெல்ஜியத்திலும் துருக்கியிலும் மண்ணோடு மண்ணாயின. கடல் கடந்து சென்று கல்லறையைக் காணும் வசதி பெரும்பாலான தாய்மாருக்கு இருக்கவில்லை. அவர்களைப் பொறுத்தமட்டில் ஒரு பெயர் பொறித்த வரியே கல்லறை. வெண்கலப் பலகைகள் பொருத்தப்பட்டதோ 1960 களில். அதற்குள் எத்தனை தாய்மார் கண்மூடியிருப்பர்!

முற்றத்தின் முடிவில் நினைவு மண்டபம். அதன் உட்சுவர்களையும் குவிமாடத்தையும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு கண்ணாடித் துண்டுகளாலான ஓவியங்கள் அணிசெய்கின்றன. இவற்றை வடிவமைத்த நேப்பியர் வோலர் 1917 இல் புலிக்கோர்ட் களத்தில் வலக்கையை இழந்து, இடக்கையால் வரையப் பழகியவர். 1993 நவம்பர் 11 ஆந் திகதி, பிரான்சின் வில்லர்ஸ் பிரெத்தனோ அருகிலுள்ள கல்லறையிலிருந்து பெயரறியாப் போர்வீரர் ஒருவரின் உடல் கொணரப்பட்டு இம்மண்டபத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அன்று வரிசையிற் காத்துநின்ற மக்கள், கையிலிருந்த செந்நிறப் பொப்பிப் பூக்களைப் பெயர்ப் பலகைகளின் இடுக்குகளிற் செருகினர். எவரும் ஆணையிடவில்லை. அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை தொடர்கின்றது. நூறாண்டுக்கு முன் இறந்தவனின் பெயரருகிலும் ஒரு பூவைக் காணலாம்.

பகைவனை மதித்தல் என்ற பீனின் நெறிக்கு இரு சான்றுகள் காட்டலாம். ஒன்று நமது கரையோடு தொடர்புடையது. 1914 செத்தெம்பரில் சென்னையின் எண்ணெய்க் குதங்களைக் குண்டு வீசி எரித்து, தமிழில் 'எம்டன்' என்ற சொல்லையே விட்டுச் சென்ற ஜேர்மன் கப்பலை, அவ்வாண்டு நவம்பர் 9 ஆந் திகதி கொக்கோஸ் தீவுகளருகில் வீழ்த்தியது 'சிட்னி' என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல். அக்கப்பல் காயமுற்ற ஜேர்மனியரோடு கொழும்புத் துறைமுகத்தை அடைந்தபோது, அங்கு நின்ற படைக்கப்பல்களில் ஆரவாரம் எழக்கூடாதென அதன் தலைவர் கேட்டுக்கொண்டார். வெற்றிக் கப்பல் மௌனத்தின் நடுவே துறைமுகத்தினுட் புகுந்தது.

மற்றது 1942 மே 31 ஆந் திகதி இரவு நிகழ்ந்தது. மூன்று யப்பானியச் சிறு நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்தினுள் நுழைந்தன. அவற்றுளொன்று ஏவிய கணையால் 21 மாலுமிகள் மாண்டனர். மீட்கப்பட்ட நான்கு யப்பானியரின் உடல்களுக்குக் கடற்படை மரியாதை அளிக்கப்பட்டது. உள்நாட்டில் எதிர்ப்பு எழுந்தும் அவர்களின் சாம்பல் அவ்வாண்டிலேயே யப்பானுக்கு அனுப்பப்பட்டது. மீட்ட இரு நீர்மூழ்கிகளின் பகுதிகளை இணைத்து அமைத்த ஒன்று இந்நினைவாலயத்தில் உள்ளது. 1968 இல், இறந்தவர்களுள் ஒருவரான மற்சுவோ என்னும் அதிகாரியின் முதிய தாயார் அவுஸ்திரேலியா வந்து, மகன் மாண்ட துறைமுகத்தையும் இந்நினைவாலயத்தையும் கண்டார். மகன் இடையிற் கட்டியிருந்த ஆயிரந்தையற் பட்டி அவரிடம் கையளிக்கப்பட்டது. காட்சிப் பொருளொன்றை நூதனசாலை மனமுவந்து இழப்பது அரிது. அன்று அது நிகழ்ந்தது.

கடல் கடந்து வந்த பகைவனுக்கு இவ்வளவு இடமளித்த ஆலயம், அதே மண்ணிற் பிறந்து அதே மண்ணுக்காகப் போரிட்டு இறந்தோருக்கு நெடுங்காலம் இடமளிக்கவில்லை. 1788 இல் பிரித்தானியர் குடியேறியது முதல் 1928 இல் வட பிரதேசத்தின் கொனிஸ்டன் படுகொலை வரை, ஆதிக்குடிகளுக்கும் குடியேறியோருக்குமிடையே மோதல்கள் நிகழ்ந்தன. ஹென்றி றெனோல்ட்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1981 இல், இவற்றில் மாண்ட ஆதிக்குடிகள் ஏறத்தாழ 20,000 பேர் என மதிப்பிட்டார். பிந்திய ஆய்வுகள் இத்தொகை குறைவென்கின்றன.

கட்டடம் எழுந்த காலத்தின் மனப்பாங்குக்கு முற்றத்துச் சுவர்களே சான்று. அங்கே கல்லிற் செதுக்கப்பட்ட 26 தலைகள் அவுஸ்திரேலியாவுக்கேயுரிய விலங்கினங்களைக் காட்ட வைக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு விலங்குகளல்ல: ஓர் ஆதிக்குடி ஆணும் ஒரு பெண்ணும்.

ஆதிக்குடிகளின் பெயர்கள் சுவரில் முற்றாக இல்லையென்பதன்று. ஐரோப்பிய வழித்தோன்றல் அல்லாதோரைச் சட்டம் விலக்கியிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முதலாம் உலகப் போரிற் பங்குபற்றினர். அவர்களுள் இறந்தோரின் பெயர்கள் இனக்குறிப்பெதுவுமின்றி ஏனையோரோடு உள்ளன. உயிரோடு திரும்பியோருக்கோ, போர்வீரருக்கென அரசு பகிர்ந்த நிலம் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. இறந்தாற் சமன், இருந்தாற் சமனன்று!

எல்லைப்புற மோதல்களைப் பற்றி நினைவாலயத்தின் நிருவாகம் நெடுங்காலம் ஒரே விடையைக் கூறிவந்தது: இது அவுஸ்திரேலியப் படையினருக்கான இடம், அம்மோதல்கள் தேசிய நூதனசாலைக்குரியவை. இவ்விடை நொண்டுகின்றது. அவுஸ்திரேலியக் கூட்டாட்சி 1901 இலேதான் தோன்றியது. சுவரின் பெயர்களோ 1885 ஆம் ஆண்டுச் சூடான் படையெடுப்பிலிருந்து தொடங்குகின்றன. குடியேற்ற நாடொன்றின் படை ஆபிரிக்காவிற் போரிட்டது நினைவுக்குரியதாயின், அதே குடியேற்ற நாடுகளுக்குள் நடந்தது எவ்வாறு விலகும்? எனினும் மறுபக்கத்து வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. அச்சுவர் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கல்லறை; அதனை மாற்றியமைக்க அவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் கோரப்பட்டது சுவரை மாற்றுவதன்று, காட்சிக் கூடத்தில் இடமளிப்பதே. கென் இங்லிஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் 1990 களிலேயே இதனை வலியுறுத்தினர்.

2019 இல் ஆதிக்குடிப் படையினருக்கான தனி நினைவுச் சின்னமொன்று வளாகத்துள் திறக்கப்பட்டது. 2022 செத்தெம்பரில், நினைவாலயச் சபையின் அப்போதைய தலைவர் பிரென்டன் நெல்சன், எல்லைப்புற வன்முறைகள் முன்னையிலும் விரிவாகவும் ஆழமாகவும் காட்டப்படுமென அறிவித்தார். முன்னர் பணிப்பாளராக இருந்தபோது இதனை மறுத்தவரும் அவரே. முன்னாட் படையினர் சிலர் எதிர்த்தனர். ஆதிக்குடியினர் பலர், எவ்வளவு இடம், யாருடைய சொற்களில் என்று கேட்டனர்.

கன்பராவின் வடக்கே நெடுந்தொலைவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மயல் கிறீக் என்றோர் இடம் உண்டு. 1838 யூன் 10 ஆந் திகதி அங்கு குறைந்தது 28 ஆதிக்குடிகள், பெரும்பாலும் பெண்களும் சிறுவரும் முதியோரும், கால்நடைப் பண்ணையாட்களாற் கொல்லப்பட்டனர். 'டாடி' என வெள்ளையர் அழைத்த முதியவரைக் கொன்றதான முதல் வழக்கில் அனைவரும் விடுதலையாயினர். ஒரு குழந்தையைக் கொன்றதான இரண்டாவது வழக்கிலே எழுவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டுத் தூக்கிலிடப்பட்டனர். 2000 ஆம் ஆண்டில் அக்குன்றின்மீது நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. ஆண்டுதோறும் யூன் மாதத்தில் கொல்லப்பட்டோரின் வழிவந்தோரும் கொன்றோரின் வழிவந்தோரும் அங்கே ஒன்றுகூடுகின்றனர். இறந்தோர் அனைவரின் பெயரையும் வரிசையாகப் பொறிப்பதற்கு அங்கு வழியில்லை. அம்முதியவருக்கும் எஞ்சியிருப்பது அந்நியர் இட்டழைத்த பெயரே.