முடிச்சுப் போட்டவள் பெயர்: மதுரைச் சுங்குடியும் எழுதப்படாத வரலாறும்

சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் உண்டு. அறுவை என்றால் துணி. மதுரையில் துணி விற்றவர், பாட்டும் எழுதினார். அவருடைய ஊர், தொழில், பெயர் மூன்றும் இத்தனை நூற்றாண்டு கழித்தும் நம் கையில் இருக்கின்றன. அதே தொகைநூல்களில் அந்தத் துணிக்கு நூல் நூற்றவளும் இருக்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. 'பருத்திப் பெண்டு' என்று தொழிலைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். புறநானூற்றின் 326ஆம் பாட்டில் அவள் இரவில் எழுந்து பஞ்சிலுள்ள தூசியையும் செத்தையையும் தட்டி நீக்குகிறாள். காட்டுப்பூனைக்குப் பயந்து கத்திய கோழி, அவளுடைய சின்ன விளக்கின் வெளிச்சத்தில் சேவலைப் பார்த்து அமைதியாகிறது. நற்றிணை 353 கணவனில்லாத பெண்கள் தம் உழைப்பால் நூற்ற மெல்லிய நூலைச் சொல்கிறது. மலையில் தவழும் மேகத்துக்கு அந்த நூல் உவமை.

வகுப்பில் இந்தப் பாடல்களை நடத்தும்போது மாணவிகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விற்றவனுக்குப் பெயர் இருக்கிறது, நூற்றவளுக்கு ஏன் இல்லை? சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் அறுவை வீதியைப் பார்க்கிறான். பருத்தி, மயிர், பட்டு என்று வகைவகையாக நெய்த துணிகள் நூற்றுக்கணக்கில் மடித்து அடுக்கியிருக்கின்றன. வீதி தெரிகிறது, சரக்கு தெரிகிறது. நூற்ற கை தெரியவில்லை.

அந்தக் கையைத் தேடுவதற்கு மதுரையிலேயே இன்னும் ஒரு துணி மிச்சமிருக்கிறது. அது சுங்குடிச் சேலை.

சுங்குடியை மதுரைக்குக் கொண்டுவந்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். குஜராத் பக்கத்திலிருந்து புறப்பட்டு, பல ஊர்களில் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்த நெசவுச் சமூகம். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் இன்றும் அவர்கள் மொழி காதில் விழும். தங்கள் முன்னோரைப் பற்றிப் பேசும்போது மந்தசோர் கல்வெட்டை அவர்கள் குறிப்பிடுவார்கள். லாட தேசத்திலிருந்து வந்த பட்டு நெசவாளர் குழு கி.பி. 437இல் சூரியனுக்குக் கோயில் எடுத்து, 473இல் அதைப் புதுப்பித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அது. பாடியவர் வத்சபட்டி. அதிலும் ஒரு பெண் வருகிறாள். இளமையும் அழகும் பொன்மாலையும் வெற்றிலையும் பூவும் இருந்தாலும், பட்டுடுத்தாமல் அவள் காதலனைக் காணப் போகமாட்டாளாம். நெசவாளரின் பெருமையைச் சொல்ல வந்த இடத்தில் பெண் துணியை உடுத்துபவளாக வருகிறாள். துணிக்குப் பின்னால் உழைத்தவளாக வரவில்லை.

மதுரைக்கு வந்த பிறகு உள்ள சான்றையும் பார்ப்போம். ராணி மங்கம்மாள் காலத்தில், ஆவணி அவிட்டச் சடங்கு செய்தார்கள் என்பதற்காகச் சௌராஷ்டிரர் 18 பேர் பிடிக்கப்பட்டார்கள். வழக்கு ராணியிடம் போனது. சடங்கு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று ராணி ஓலை கொடுத்தார். நாட்டை ஆண்டவர் பெண். அவர் கொடுத்த உரிமை ஆண்கள் மாட்டிக்கொள்ளும் பூணூலுக்கு. பூணூலுக்கு ஓலைச் சாட்சி இருக்கிறது. அதே வீடுகளில், அதே பருத்தி நூலை வைத்துப் பெண்கள் போட்ட முடிச்சுக்கு எந்த ஓலையும் இல்லை. இது யார்மீதும் குற்றம் சொல்வதற்காக அல்ல. எது வழக்காகும், எது ஆவணமாகும் என்பதை அந்தக் காலம் எப்படி முடிவுசெய்தது என்று காட்டுவதற்காக.

சுங்குடி செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் இந்த மௌனத்தின் அளவு புரியும். வெள்ளைப் பருத்திச் சேலையை மடித்து, புள்ளி வைக்கவேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குறியிலும் துணியை நகநுனியால் சிட்டிகையளவு கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடவேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நுணுக்க வேலை என்றால் 20,000 வரை போகும். ஒரு சேலைக்கு 10, 15 நாள் ஆகும். இந்தக் கட்டு வேலை முழுக்கப் பெண்களுடையது, வீட்டுக்குள் நடப்பது. கட்டி முடித்த சேலை சாயம் போட ஆண்கள் கைக்குப் போகும். வைகைத் தண்ணீரில்தான் சாயம் பளிச்சென்று ஏறும் என்பது பழைய ஊர்ப்பேச்சு. சாயத்தில் முக்கி எடுத்து, உலர்த்தி, முடிச்சுகளை அவிழ்த்தால், நூல் சுற்றியிருந்த இடம் மட்டும் வெள்ளை வளையமாக நிற்கும். நடுவில் சாயம் பட்ட சின்னப் பொட்டு. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிய கைகள், அதே புள்ளிக் கணக்கைத் துணியிலும் போட்டன.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. நெய்தவன் உழைப்பு துணியாக நிற்கிறது. சாயம் போட்டவன் உழைப்பு நிறமாக நிற்கிறது. கட்டியவள் உழைப்பு அவிழ்க்கப்பட்டு, அறுந்த நூலாகக் குப்பைக்குப் போகிறது. சாயம் ஏறாத இடம்தான் அவள் வேலை செய்ததற்கு அடையாளம்.

எனக்குப் பழைய சுங்குடி மேல் ஒரு பித்து. தெரிந்தவர் வீட்டில் டிரங்குப் பெட்டி திறக்கிறார்கள் என்றால் நானும் போய் நிற்பேன். அரக்கு, கரும்பச்சை, மயில்நீலம் என்று ஆழ்ந்த நிறங்கள். மெலிந்த சரிகைக் கரை. எத்தனையோ முறை துவைத்ததால் விரலுக்கு இதமாக இருக்கும் பருத்தி. கையால் கட்டியதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு வளையம்போல் இன்னொன்று இருக்காது. ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கோணல், ஒன்றில் நூல் நெகிழ்ந்து சாயம் உள்ளே கசிந்திருக்கும். வரிசையில் ஓரிடத்தில் புள்ளிகள் நெருங்கிவிடும். அந்த இடத்தில் விளக்கு மங்கியிருக்கலாம், குழந்தை அழுதிருக்கலாம், அவசரமாக யாரோ கூப்பிட்டிருக்கலாம். மகால் பக்கத்தில் இப்போது கட்டு வேலையை விட்டுவிட்ட ஓர் அம்மாவிடம், இத்தனை சின்ன முடிச்சைக் கண் வலிக்காமல் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். "கண்ணு எங்கேம்மா பார்த்தது டீச்சர், அது அடுப்பைப் பார்த்துக்கிட்டிருக்கும். கைதான் கட்டும்" என்றார்.

பழைய சுங்குடியின் கதை சேலையோடு முடிவதில்லை. உடுத்திக் கிழிந்த பருத்திச் சேலைக்கு நம் வீடுகளில் இன்னொரு ஆயுள் இருந்தது. பிள்ளை பிறக்கப் போகும் வீட்டில் பழைய சேலைகளைத் துவைத்துக் காயவைத்து எடுத்துவைப்பார்கள். கொஞ்சம் கெட்டியாக இருப்பது தூளியாகும். மிக மெலிந்தது குழந்தைக்கு இடுப்புத்துணியாகும், மாதவிலக்குத் துணியாகும். மிச்சத்தை நாலைந்து அடுக்காகப் போட்டு, ஓரம் மடித்து, நெடுக ஓட்டுத்தையல் விட்டால் போர்வை. அம்மாச்சி தைத்த அப்படியொரு போர்வை என்னிடம் இருக்கிறது. மேலடுக்கு தேய்ந்த இடத்தில் கீழே இருக்கும் அரக்குச் சுங்குடியின் புள்ளிகள் தெரிகின்றன. முகம் தெரியாத ஒருத்தி போட்ட முடிச்சின் தடத்தின் மேலே அம்மாச்சியின் தையல் ஓடுகிறது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

கந்தலைத் தைத்துப் போர்வையாக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. வங்காளத்தில் அதன் பெயர் காந்தா. நாம் சொல்லும் 'கந்தை'க்கும் அதற்கும் ஒரே வேர். ஆனால் வங்காளத்துப் பெண்களுக்கு ஒரு வசதி இருந்தது. காந்தாவில் தையலாலேயே எழுத்தையும் போடலாம். கொல்கத்தாவை அடுத்த குருசதய் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்றில் மானதாசுந்தரி என்ற பெயர் தையலாகவே இருக்கிறது. அவர் அதைத் தன் தந்தைக்காகச் செய்தார். தையல் தங்குகிறது, அதனால் பெயரும் தங்கியது. சுங்குடியில் முடிச்சு தங்குவதில்லை.

பெயர் இல்லாமல் போனதற்குத் தொழிலின் முறை மட்டும் காரணமல்ல. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆந்திரத்தின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த லேஸ் கடல் தாண்டி விற்பனைக்குப் போனது. பின்னிய பெண்களோ 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே கருதப்பட்டார்கள்; பின்னுவது அவர்களின் ஓய்வுநேர வேலை என்று சொல்லப்பட்டது. ஓய்வுநேர வேலை என்று பெயர் வைத்துவிட்டால் குறைந்த கூலி கொடுப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. சுங்குடி கட்டும் பெண்ணின் கதையும் அதுவேதான். வேலை வீட்டுக்கே வருகிறது, கூலி சேலைக் கணக்கில் வருகிறது. கண்ணும் முதுகும் விரலும் கொடுத்த விலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்டால் அவளே 'வீட்டில்தான் இருக்கிறேன்' என்பாள். ஓவியம் கலையாகவும், ஊசி வேலை வெறும் பெண்வேலையாகவும் பிரிக்கப்பட்ட வரலாற்றை இங்கிலாந்தின் ரோசிகா பார்க்கர் 1984இல் வெளிவந்த 'தி சப்வர்சிவ் ஸ்டிச்' நூலில் விரிவாக எழுதினார். அவர் எழுதியது ஐரோப்பாவைப் பற்றி. நமக்கு அந்தப் பிரிவினை அடுப்படியிலிருந்தே தெரியும்.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது மகிழ்ச்சிதான். ஆனால் இன்று கடையில் சுங்குடி என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துப் போடுவது மெழுகு அச்சு வைத்துச் சாயம் போட்டதோ, திரை அச்சில் புள்ளி பதித்ததோதான். சின்னாளப்பட்டிச் சேலைகளிலும் புதுமண்டபம் பக்கத்துக் கடைகளிலும் புள்ளிகளைத் தொட்டுப் பாருங்கள், ஒன்றுபோலவே எல்லாம் இருக்கும். அச்சுச் சேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. அதையும் உழைப்பாளிகள்தான் செய்கிறார்கள். அதனால்தான் குறைந்த வருமானமுள்ள பெண்ணும் சுங்குடி உடுத்த முடிகிறது. நான் சொல்வது வேறு. பத்து நாள் முடிச்சுப் போட்ட கூலிக்கு ஒருத்தியால் வாழ முடியவில்லை என்றால், அவள் அந்த வேலையை விடுவது நியாயம். மகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதும் நியாயம். 'பாரம்பரியம் அழிகிறது' என்று மேடையில் வருந்துகிறவர்கள் கூலியைப் பற்றி வாய் திறப்பதில்லை. கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று பெண்களின் கண்ணைக் கேட்பது எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் விட்டுவிட்டுப் போகும் முன் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் கதைகளைத் துணித்துண்டுகளால் ஒட்டித் தைத்து ஒரு போர்வை செய்தார். 1886இல் ஏதென்ஸ் ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தரவில்லை. சில ஆண்டு கழித்து வறுமை நெருக்கியபோது, 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். பிரிய மனமில்லாமல் பிறகும் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து போர்வையைப் பார்த்துப் போனார். ஸ்மித் ஒரு காரியம் செய்தார்: ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை இருக்கிறது என்று பவர்ஸ் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் போர்வை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, செய்தவர் பெயரோடு. பாதி விலைக்கு வாங்கிய அந்த பேரத்தில் இருந்த ஏற்றத்தாழ்வை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் ஹாரியட் பவர்ஸும் நம் பருத்திப் பெண்டைப் போலத் தொழில் பெயராக மட்டுமே மிஞ்சியிருப்பார்.

மதுரையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் படிக்கும் மாணவிகளுக்கு, ஆய்வேட்டுத் தலைப்பு தேடும்போது நான் சொல்வது இதைத்தான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முடிச்சுப் போட்ட, நூல் நூற்ற, பீடி சுற்றிய, பூக்கட்டிய ஒரு பெண் இருப்பார். அவர் கலைநயத்தைப் புகழ்ந்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். எத்தனை வயதில் தொடங்கினார், யார் சொல்லிக்கொடுத்தார், ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சு, என்ன கூலி, கூலி யார் கைக்குப் போனது, எப்போது கண் மங்கியது, ஏன் விட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். அவர் விரும்பினால் அவர் பெயரையும் எழுதுங்கள். இளவேட்டனாரின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயருக்கு நிறையவே இடம் இருக்கிறது.