வசிப்பிட உத்தரவும் வீட்டு வாடகையும்: சென்னையில் குடும்ப வன்முறைக்கான தீர்வு குறித்து

அடிபட்ட மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கோ காப்பகத்துக்கோ போய்விடுவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாக இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 18 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். எந்தக் காப்பகமும் இத்தனை பேரைத் தாங்காது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு வழி காட்டுகிறது: சொத்தில் பங்கு இல்லாவிட்டாலும் பெண் அதே வீட்டில் வசிக்கலாம் (பிரிவு 17), வன்முறை செய்தவரை அங்கிருந்து வெளியேற்றவும் நடுவரால் முடியும் (பிரிவு 19). 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு தம்பதியர் விவகாரத்தில், தொல்லை செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லிக் கணவரை அதே வீட்டில் இருக்கவிடுவது நடைமுறைக்கு உதவாது என்று கூறி, அவரை வெளியேற உத்தரவிட்டார்.

ஆனால் வெளியேற்றம் பாதி வேலைதான். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ ஒரு வாடகை வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் கணவர் பெயரில். அட்வான்ஸ் கொடுத்தவர் அவர். இன்னொரு சாவியும் அவரிடமே. அவர் வாடகையை நிறுத்திவிட்டால், அடி விரட்டாத பெண்ணை வாடகை பாக்கி விரட்டிவிடும். இதைச் சட்டம் முன்பே கண்டிருக்கிறது. வாடகைப் பொறுப்பைக் கணவர் மீது சுமத்த 19(6) இடம் தருகிறது. உத்தரவை நிறைவேற்றக் காவல் நிலைய உதவியைப் பெற 19(5) வழிசெய்கிறது. பிரிவு 31 வெளிப்படையாகக் குற்றமாக்குவது பாதுகாப்பு உத்தரவை மீறுவதைத்தான். ஆகவே பிரிவு 19-இன் வசிப்பிட உத்தரவோடு பிரிவு 18-இன் பாதுகாப்பு உத்தரவையும் சேர்த்துக் கேட்பது இன்றியமையாதது; பெண் வேலை செய்யும் இடத்துக்கும் குழந்தையின் பள்ளிக்கும் கணவர் வருவதை அது தடுக்கும். வாடகை, பூட்டு மாற்றும் செலவு, காவல் உதவி மூன்றும் முதல் மனுவிலேயே இடம்பெற வேண்டும் என்பதே என் வாதம். மனு செய்ய உதவும் பாதுகாப்பு அலுவலர் இதில் ஒன்றை விட்டாலும் உத்தரவு காகிதத்தோடு நின்றுபோகும்.

கணவரின் சொத்துரிமை பறிபோகிறது என்பார்கள். வசிப்பது வேறு, உடைமை வேறு. உத்தரவால் பட்டா மாறுவதில்லை. மாமனார் பெயரிலுள்ள வீடும், பெண் வசிக்க உரிமையுள்ள ‘பகிர்ந்து வாழும் இல்ல’மாகலாம் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மாமியாரே கொடுமை செய்யும் வீட்டில்தான் சிக்கல்: எந்தப் பெண்ணையும் வெளியேற்றப் பிரிவு 19 அனுமதிப்பதில்லை. அங்கே மாற்று வீடும் அதற்கான வாடகையும் கேட்பதே பொருத்தம்.

தெரிந்த முகவரியில் இருப்பதே ஆபத்து என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. கொலை மிரட்டல் இருக்கும் இடத்தில் காப்பகமே சரி. மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்கத் தயங்கவே கூடாது. மற்ற வழக்குகளில் கேள்வி, உத்தரவு வரும்வரை யார் வெளியே இருப்பது என்பதுதான். ஆஸ்திரியாவில் 1997 முதல் நீதிமன்றத்துக்குக் காத்திராமல் காவல்துறையே வன்முறையாளரை வெளியேற்றித் திரும்பவிடாமல் தடுக்கிறது. இங்கே முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்கச் சட்டம் சொல்கிறது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு தரப் பிரிவு 23 உண்டு. அந்த மூன்று நாளுக்கு வன்முறையாளரை வீட்டுக்கு வெளியே நிறுத்தும் அதிகாரம் மகளிர் காவல் நிலையத்துக்குச் சட்டத் திருத்தம் வழியாகக் கிடைக்க வேண்டும்.