வஜீராபாத்தில் புகுந்த கழிவு: ஹெபடைடிஸ் ஈ-யின் முன்வரலாறு

1955 அக்டோபரில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு பழைய தடத்தில் இல்லை. டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் கரையை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையத்துக்குச் சற்றுக் கீழேதான் நஜஃப்கர் வடிகால் நகரத்தின் கழிவைக் கொண்டுவந்து ஆற்றில் சேர்க்கிறது. ஆறு நிறைந்து ஓடும்வரை அந்தக் கழிவு கீழ்நோக்கிப் போய்விடும். மேலே இருக்கும் நிலையத்துக்கு ஆபத்தில்லை. ஓட்டம் விலகித் தளர்ந்ததும் நிலைமை தலைகீழானது. கழிவு எதிர்த்து ஏறி, நீர் எடுக்கும் வாய்க்கே வந்து சேர்ந்தது. நவம்பர் நடுவில் ஏறத்தாழ ஒரு வாரம் டெல்லி நகரம் சாக்கடை கலந்த ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குடித்தது. நிலையத்தில் இருந்தவர்கள் நீர் கெட்டிருப்பதைக் கவனிக்காமல் இல்லை. படிகாரத்தைக் கூட்டினார்கள், குளோரினையும் கூட்டினார்கள். அது வீண்போகவும் இல்லை: டைபாய்டோ சீதபேதியோ அந்த வாரங்களில் நகரத்தில் பெருகவில்லை. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் மஞ்சள் காமாலை கிளம்பியது. ஜனவரிக்குள் கண் மஞ்சளாகிப் படுத்தவர்கள் மட்டும் 29,300 பேர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

இந்த நோயை உண்டாக்கிய வைரஸை மருத்துவப் பாடநூல்கள் ஹெபடைடிஸ் ஈ என்கின்றன. அது கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு 1983 என்று சிலர் எழுதுவார்கள், 1990 என்று வேறு சிலர் எழுதுவார்கள். முதலாவது மின்னணு நுண்ணோக்கியில் துகள் தென்பட்ட ஆண்டு, இரண்டாவது அதன் மரபணுவைப் பிரித்தெடுத்த ஆண்டு. இரண்டும் பெரிய சாதனைகள்தான். ஆனால் இந்த நோயைத் தனி நோயாக அடையாளம் காட்டிய வேலையில் பெரும்பகுதி, வைரஸைக் கண்ணால் பார்க்க வழியே இல்லாதவர்கள் செய்தது என்பது என் வாதம். நோயாளிகளை வயதுவாரியாக எண்ணியவர்கள், கர்ப்பிணிகளின் சாவைத் தனியாகக் கணக்கிட்டவர்கள், சோதிக்க வழியில்லாத காலத்தில் எடுத்த ரத்தச் சீரத்தைக் கொட்டிவிடாமல் காத்தவர்கள் ஆகியோரின் வேலை அது. ஆய்வகத்து வெற்றிகளைக் கொண்டாடும் வரலாறுகளில் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

டெல்லியில் நடந்ததைக் கணக்கெடுத்து 1957-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டவர் ஆர். விஸ்வநாதன். அடிப்படையில் அவர் நுரையீரல் மருத்துவர்; காமாலை அவருடைய துறையே அல்ல. எனினும் அந்தப் பதிவுகள் இன்றும் கற்றுக்கொடுக்கின்றன. நீர் கெட்ட வாரம் திட்டவட்டமாகத் தெரியும், நோய் பரவிய வாரங்களும் தெரியும் என்பதால், கிருமி உடலுக்குள் புகுந்து சராசரியாக ஐந்தாறு வாரம் கழித்துக் காமாலை தென்படுகிறது என்பது வெளிப்பட்டது. நோய் ஒரே அலையாக எழுந்து அடங்கியது. பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்களே அதிகம் விழுந்தார்கள், குழந்தைகள் பெரும்பாலும் தப்பினார்கள். மொத்தத்தில் இறந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் கர்ப்பிணிகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் காமாலை வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்திருந்தார். ஒரே தண்ணீர், ஒரே நகரம், ஒரே மாதம். அப்படியிருந்தும் இவ்வளவு வேறுபாடு.

நீரால் பரவும் காமாலைக்கும் ரத்தத்தால் பரவும் காமாலைக்கும் ஏ, பி என்று 1947-லேயே பிரிட்டனின் மெக்கல்லம் பெயர் வைத்துவிட்டிருந்தார். டெல்லிக் காமாலை நீரால் வந்தது, ஆகவே அது ஏ என்று கொள்ளப்பட்டது. இரண்டே அறைகள் உள்ள வீட்டில் மூன்றாவது ஆளையும் ஏதோ ஓர் அறையில்தான் படுக்கவைப்பார்கள். ஏ வகை பொதுவாகச் சிறுவர்களைப் பிடிப்பது. அப்படியிருக்க டெல்லியில் குழந்தைகள் ஏன் தப்பினார்கள் என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். அத்தனை கிருமி ஒரே வாரத்தில் குழாயில் வந்தால் பெரியவர்களும் விழத்தான் செய்வார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள அப்போது இடமிருந்தது. கர்ப்பிணிகள் இறந்ததற்கோ ஊட்டக்குறைவு என்ற விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏழை நாட்டுப் பெண்கள் இறந்தால் அவர்களுடைய உடம்பிலேயே காரணத்தைத் தேடுவது அந்தக் காலத்து வழக்கம். இந்தக் காலத்திலும் முற்றாகப் போய்விடவில்லை.

இவையெல்லாம் பின்னோக்கிப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும் தடயங்கள் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏ வைரஸைப் பார்க்கவே 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் ஃபைன்ஸ்டோன், கபிகியான், பர்செல் மூவரும் அதை நுண்ணோக்கியில் காட்டிய பிறகுதான் ஏ தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை வந்தது. அதற்கு முன், ‘இது ஏ அல்ல’ என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே 1957-இல் எழுதியவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. தங்களால் விளக்க முடியாததை அவர்கள் சராசரிக்குள் கரைத்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். வயதையும் கர்ப்பத்தையும் பிரித்து எழுதாமல், ‘இத்தனை பேர் நோயுற்றார்கள், இத்தனை பேர் இறந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால், மரண விகிதம் மிகக் குறைவான ஒரு சாதாரணக் காமாலை அலை என்றே டெல்லி பதிவாகியிருக்கும். இருபத்தைந்து ஆண்டு கழித்து யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

திரும்பிப் பார்த்தார்கள். 1978 குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மர்க் பகுதிக் கிராமங்களில் காமாலை பரவியது. முகம்மது சுல்தான் குரு என்ற இளம் மருத்துவர் கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தார். அப்போது ஏ-க்கும் பி-க்கும் பரிசோதனை வந்துவிட்டிருந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் புதிய ஏ தொற்றின் அடையாளம் இல்லை, பி-யும் காரணம் அல்ல. மனிதரைத் தாக்கும் இன்னொரு காமாலை வைரஸ் இருக்கக்கூடும் என்று 1980-இல் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட எண்கள் இன்றும் படிப்பவரை நிறுத்திவைக்கும். கணக்கெடுத்த 208 கர்ப்பிணிகளில் 36 பேருக்குக் காமாலை. நூற்றுக்குப் பதினேழுக்கு மேல். கர்ப்பமில்லாத பெண்களில் அது நூற்றுக்கு இரண்டு மட்டும். அந்த 36 பேரில் எட்டுப் பேருக்குக் கல்லீரல் சில நாட்களிலேயே முற்றாகச் செயலிழந்தது. கர்ப்பமில்லாத பெண்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. அதே கிராமங்களில் அதே சோற்றை உண்ட பெண்களுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, ஊட்டக்குறைவு என்ற பழைய விளக்கம் எப்படி நிற்கும்?

காஷ்மீர் மட்டும் இருந்திருந்தால், மலைப்பள்ளத்தாக்கில் புதிதாகத் தோன்றிய விநோத நோய் என்று உலகம் ஒதுக்கியிருக்கலாம். அந்த வழியை அடைத்தது டெல்லியின் பழைய ரத்தம். அதே 1980-இல் அமெரிக்காவின் வோங், பர்செல் இருவரும் புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் ஸ்ரீனிவாசன், பிரசாத், கோர்ஷெட் பவ்ரி ஆகியோரும் சேர்ந்து, 1955-56 டெல்லி நோயாளிகளின் பத்திரப்படுத்திய சீரத்தையும், 1975-76 அகமதாபாத் கொள்ளைநோயின் மாதிரிகளையும் புதிய பரிசோதனைகளுக்கு உட்படுத்தி லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஏ வைரஸுக்கான எதிரணுக்கள் அந்த ரத்தத்தில் இருந்தன, ஆனால் அவை பழைய தொற்றின் எதிரணுக்கள். இந்த நோயாளிகள் சிறுவயதிலேயே ஏ-யைக் கடந்து வந்தவர்கள். அது மறுபடியும் அவர்களைப் படுக்கவைத்திருக்க முடியாது. கால் நூற்றாண்டுக் காலம் ஏ என்று எழுதப்பட்டு வந்த டெல்லிக் காமாலை ஏ அல்ல என்று தீர்ந்தது. வயதுக் கணக்கின் புதிரும் அதோடு விலகத் தொடங்கியது: சிறுவயதில் பெற்ற ஏ எதிர்ப்பு பெரியவர்களைக் காக்கவில்லை, ஏனென்றால் வந்தது வேறு கிருமி. சீரத்தைக் குளிரில் பத்திரப்படுத்துவது என்றால் மின்சாரம், இடம், சலிக்காமல் சீட்டு ஒட்டி எண் போட்டு வைக்கும் ஆட்கள் எல்லாம் வேண்டும். எதற்கு என்று தெரியாமலே அதைச் செய்தவர்கள் இருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் பலருக்கும் தெரிந்த கதை. மாஸ்கோவில் பணியாற்றிய மிகாயில் பலாயன், ஆப்கானிஸ்தானில் காமாலை வந்த சோவியத் சிப்பாய்கள் ஒன்பது பேரின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தயிரில் கலந்து தானே குடித்தார். ஏ-க்கு எதிர்ப்பு தமக்கு ஏற்கெனவே இருப்பதை அவர் அறிவார். ஆகவே நோய் வந்தால் அது ஏ அல்ல என்று உறுதியாகும். முப்பத்தாறாம் நாள் அவருக்குக் காமாலை வந்தது. அவருடைய மலத்தில் துகள்கள் தென்பட்டன, 1983-இல் அறிக்கை வெளியானது. 1990-இல் கலிஃபோர்னியாவில் கிரெகரி ரேயஸும் அவருடைய குழுவினரும் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். பலாயனின் துணிச்சல் சிலிர்க்க வைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய அறிக்கை வெளியாவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஏ-யும் பி-யும் அல்லாத, நீரால் பரவும் ஒரு நோய் உண்டு என்பதை டெல்லியும் காஷ்மீரும் காட்டிவிட்டன. அவர் தேடியது அந்த நோயின் முகத்தை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வைரஸ் தெரியாவிட்டால் என்ன, சாக்கடை நீர் எடுக்கும் வாய்க்கு வந்தது என்பது 1956-லேயே தெரிந்துவிட்டதே. அதைச் சரிசெய்திருந்தால் ஆய்வு எதற்கு என்று பொறியாளர்கள் கேட்பார்கள். பாதி உண்மை. டெல்லியின் பாடம் எல்லா நகரத்துக்கும் எழுதிவைக்கப்பட்டிருந்தும் 1991-இல் கான்பூரில் கங்கை நீரால் ஏறத்தாழ 79,000 பேருக்கு இதே நோய் வந்தது. குற்றம் நுண்ணோக்கியுடையது அல்ல, குழாயுடையது. ஆனால் மறுபாதியும் இருக்கிறது. குளோரினைக் கூட்டினால் போதும் என்ற நம்பிக்கை டெல்லியில் ஏன் பாக்டீரியாவை மட்டும் தடுத்து இந்த நோயை விட்டுவிட்டது? கழிவிலுள்ள அம்மோனியாவும் மக்கும் பொருள்களும் குளோரினை விழுங்கிவிடும். எஞ்சிய வீரியம் டைபாய்டு கிருமிக்குப் போதும், வைரஸுக்குப் போதாது. டைபாய்டு இல்லை என்பதை வைத்து நீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது என்பதை அந்த ஆண்டின் நோய்க்கணக்கு காட்டியது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த அளவுகோலால் நீரை அளப்பது என்பதும் தெரியும்.

கிருமி கையில் கிடைத்ததால்தான் தடுப்பூசி வந்தது என்பதும் ஆய்வகத்தின் பக்கம் சேர வேண்டிய நியாயம். நேபாள ராணுவத்தில் நடந்த ஒரு சோதனை 2007-இல் நல்ல பலனைக் காட்டியும் அந்த ஊசி விற்பனைக்கு வரவில்லை. சீனாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ஹெகோலின் என்ற ஊசி 2011-இல் அங்கே உரிமம் பெற்றது. கொள்ளைநோய்க் காலத்தில் முதன்முறையாக அதைக் கொடுத்தது 2022-இல், தெற்கு சூடானின் பெந்தியு முகாமில். அங்கே ஊசி போடப்பட்டது பதினாறிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்களுக்கு, கர்ப்பிணிகள் உட்பட. ஏறக்குறைய இதே வயதினரையும் இதே பெண்களையும்தான் டெல்லியின் பதிவுகள் முன்பே பிரித்துக் காட்டியிருந்தன. கர்ப்ப காலத்தில் மட்டும் இந்த வைரஸ் ஏன் இவ்வளவு கொடூரமாகிறது என்ற கேள்விக்கு, கர்ப்பத்தில் மாறும் ஹார்மோன்கள், தாயின் எதிர்ப்பாற்றலில் வரும் மாற்றங்கள், வைரஸின் வகை என்று பல விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. எதுவும் இன்னும் முடிவாகவில்லை.